1550 டிரான்ஸ்மிட்டர்: சேலத்தில் சுத்தமா வருது, ஏற்காட்டில் மேல் சேனல் உடையுது. மாடுலேட்டர்தான் காரணமா?

மலைக்கேபிள்
எல்லாருக்கும் வணக்கம்ங்க. எங்க கண்ட்ரோல் ரூம் அஸ்தம்பட்டி பக்கம். அங்கிருந்து கோரிமேடு, அடிவாரம் வழியா ஏற்காடு வரைக்கும் ஃபைபர் போகுது. ரோட்டுக் கணக்குல 30 கிலோமீட்டர்னாலும், கம்பத்துக்குக் கம்பம் விட்ட லூப் எல்லாம் சேர்த்து ஓடிடிஆர்ல (ஃபைபரோட நீளமும் இழப்பும் அளக்கற கருவி) 34 காட்டுது. இத்தனை நாளா 1310 (ஒளியோட அலைநீளம், நானோமீட்டர்ல) டிரான்ஸ்மிட்டர் ஒண்ணுதான், அது ஏற்காட்டுல ஒரே ஒரு நோடுக்கு (ஒளியை மறுபடி கேபிள் சிக்னலா மாத்தற பெட்டி). நாகலூர், மஞ்சக்குட்டை பக்கமும் கேக்குறாங்க, ஒளியைப் பிரிச்சுக் கொடுக்கணும். அதனால 1550 டிரான்ஸ்மிட்டரும் ஈடிஎஃப்ஏவும் (ஒளிப் பெருக்கி) வாங்கினோம்.

வித்தவங்க ரெண்டு வகை சொன்னாங்க. ஒண்ணு டைரக்ட் மாடுலேஷன். இன்னொண்ணு எக்ஸ்டர்னல் மாடுலேஷன், விலை பல மடங்கு. "ரெண்டும் 1550தான், ரெண்டும் ஒரே வேலையத்தான் செய்யும்"னு சொல்லி டைரக்ட் கொடுத்துட்டாங்க.

கன்னங்குறிச்சி நோடுல எல்லா சேனலும் எம்இஆர் (சிக்னல் எவ்வளவு சுத்தம்னு சொல்ற டிபி அளவு) 36 வருது. ஏற்காட்டுல கீழ் சேனல்கள் 34. ஆனா 500 மெகாஹெர்ட்ஸ் தாண்டினதும் சரசரன்னு இறங்கி 26, 25னு நிக்குது, படம் கட்டம் கட்டமா உடையுது. நோடுக்கு வர்ற ஒளி மைனஸ் 1 டிபிஎம், அதுல குறை இல்ல. நோடை மாத்தியும் பார்த்தாச்சு. வித்தவங்க இன்னமும் நோடுதான் கோளாறுன்னு சொல்றாங்க. அந்த எக்ஸ்டர்னல் மாடுலேட்டர்ல அப்படி என்னதான் இருக்கு? அது இல்லாததுதான் காரணமா?

ஸ்பிளைஸர்_தம்பி
அண்ணா, மலைப்பாதை ஃபைபர்னா எனக்கு முதல் சந்தேகம் வளைவு மேலதான். 20 கொண்டை ஊசி வளைவுல எங்கயாவது கேபிள் மடங்கி இருந்தா 1310ல தெரியாது, 1550ல நல்லா அடிவாங்கும். அலைநீளம் கூடக்கூட ஒளி கோரை விட்டு வெளியே கசியறது அதிகம். ரெண்டு அலைநீளத்துலயும் ஓடிடிஆர் எடுத்து ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பாருங்க. 1550ல மட்டும் படி மாதிரி இறங்கினா அந்த இடத்துல போய் ஜாயிண்ட் பாக்ஸைத் திறந்துடலாம்.

மலைக்கேபிள்
எடுத்தேன் தம்பி. 1550ல ஒரு கிலோமீட்டருக்கு 0.21 டிபி, நேர்கோடு. எந்த இடத்திலயும் படி இல்ல.

பழைய_டிரான்ஸ்மிஷன்
தம்பி, நான் தொலைத்தொடர்புத் துறையில் டிரான்ஸ்மிஷன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நீங்கள் எழுதிய விவரத்திலேயே பாதி விடை இருக்கிறது. ஒளி போதுமான அளவு வருகிறது, ஊருக்குள் சுத்தம், மலையில் கெடுகிறது, அதுவும் மேல் சேனல்கள் மட்டும். ஒளி குறைவாக வந்திருந்தால் எல்லாச் சேனலும் சேர்ந்துதான் கெடும். உங்களுக்கு வரும் ஒளியின் அளவில் குறையில்லை, வரும்போதே அது உருக்குலைந்து வருகிறது.

டைரக்ட் மாடுலேஷன் என்றால் லேசருக்குப் போகும் மின்னோட்டத்தையே உங்கள் கேபிள் சிக்னலுக்கு ஏற்பக் கூட்டிக் குறைப்பது. மின்னோட்டம் கூடினால் ஒளி கூடும், குறைந்தால் குறையும். கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் மின்னோட்டம் மாறும்போது லேசர்ச் சில்லுக்குள் எலக்ட்ரான்களின் அடர்த்தி மாறுகிறது. அது மாறினால் சில்லின் ஒளிவிலகல் எண் மாறும். அது மாறினால் வெளியே வரும் ஒளியின் அதிர்வெண்ணே ஆடும். பிரகாசத்தை மட்டும் ஆட்ட நினைத்தோம், நிறமும் கூடவே ஆடுகிறது. இதற்குச் சிர்ப் என்று பெயர்.

சிர்ப் மட்டும் இருந்தால் பரவாயில்லை. உங்கள் நோடு பிரகாசத்தை மட்டும்தான் பார்க்கிறது, நிறத்தைப் பார்ப்பதில்லை. நடுவே 34 கிலோமீட்டர் ஃபைபர் இருப்பதுதான் சிக்கல். நாம் ஊரெல்லாம் போட்டிருக்கும் சாதாரண ஒற்றைமோடு ஃபைபரில் 1550 பக்கம் நிறப்பிரிகை ஒரு கிலோமீட்டருக்கு, ஒரு நானோமீட்டருக்கு, சுமார் 17 பிகோவினாடி. குறுகிய அலைநீளம் முந்தி வரும், நீண்டது பிந்தி வரும். 34 கிலோமீட்டருக்குப் பெருக்கினால் 578. கன்னங்குறிச்சிக்கு 5 கிலோமீட்டர் என்று வைத்தால் வெறும் 85.

கேபிள் சிக்னலின் வேகத்தில் லேசர் பிரகாசமாகும் கணத்தில் அதன் நிறம் சற்றே நீலப் பக்கம் நகர்கிறது. ஆகவே பிரகாசமான பகுதிகள் கொஞ்சம் முந்திக்கொண்டு வருகின்றன, மங்கலான பகுதிகள் பின்தங்குகின்றன. அனுப்பும்போது சீராக இருந்த அலை, போய்ச் சேரும்போது ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. சாய்ந்த அலை என்றால் அதில் இரண்டாம்படிச் சிதைவு சேர்ந்துவிட்டது என்று பொருள். உங்கள் தொழிலில் சிஎஸ்ஓ என்று சொல்வீர்களே, அதுதான். டிஜிட்டல் சேனலில் அது தனிக் கோடாகத் தெரியாது, இரைச்சல் போலப் பரவி எம்இஆரைத் தின்னும்.

மேல் சேனல்கள் ஏன் முதலில் விழுகின்றன? 60 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலை முடிய 16,000 பிகோவினாடிக்கு மேல் ஆகிறது. 860ல் அதுவே 1,160தான். சில பிகோவினாடி நகர்வு பெரிய அலைக்கு ஒன்றுமில்லை, சின்ன அலைக்கு அது காயம்.

ஐந்துரோடு_நெட்
சார் சொல்றது தியரி. நான் ஜிபான் (வீடு வரைக்கும் ஃபைபர்) இன்டர்நெட் நடத்துறேன். வீட்டுல வைக்கிற ஓஎன்டில இருக்கறது விலை குறைஞ்ச லேசர், மின்னோட்டத்தை நேரடியாத்தான் ஆட்டுது. கண்ட்ரோல் ரூம் பக்கம் இருக்கற ஓஎல்டில 1490ம் அப்படித்தான். 20 கிலோமீட்டர் தாராளமா ஓடுது, ஒரு பிட்டும் தவறல. டைரக்ட் மாடுலேஷன்னாலே கெட்டதுன்னு சொன்னா ஊர்ல பாதி நெட்வொர்க்கைக் கழட்டிப் போடணும். எனக்கென்னவோ ஈடிஎஃப்ஏ மேலதான் சந்தேகம்.

பழைய_டிரான்ஸ்மிஷன்
டைரக்ட் மாடுலேஷன் கெட்டது என்று நான் சொல்லவில்லை. அதை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. உங்கள் ஓஎன்டி மேல்நோக்கி அனுப்புவது 1310ல். அங்கே நிறப்பிரிகை கிட்டத்தட்டச் சுழி. லேசர் எவ்வளவு நிறம் மாறினாலும் எல்லா நிறமும் ஒன்றாகவே போய்ச் சேரும். மலைக்கேபிள் தம்பியின் பழைய 1310 டிரான்ஸ்மிட்டரும் டைரக்ட்தான், அது இத்தனை நாள் ஒழுங்காக ஓடியதற்கும் இதுவே காரணம்.

கீழ்நோக்கி 1490ல் நிறப்பிரிகை 13, 14 இருக்கும். ஆனால் ஜிபானின் வேகம் வினாடிக்கு 2.5 கிகாபிட், ஒரு பிட்டின் அகலம் 400 பிகோவினாடி. லேசரின் நிறம் 0.1 நானோமீட்டர் ஆடினாலும் 20 கிலோமீட்டரில் விரிவு 28தான். தெரியவே தெரியாது. அதையே 10 கிகாபிட்டுக்கு ஏற்றுங்கள், பிட் 100 பிகோவினாடியாகச் சுருங்கும். வேகம் நான்கு மடங்கானால் நிறப்பிரிகையைத் தாங்கும் தூரம் பதினாறில் ஒரு பங்காகிவிடும். அதனால்தான் ஜிபானின் 10 கிகாபிட் வடிவமான எக்ஸ்ஜிஎஸ்-பானில் 1577ல் அனுப்பும் ஓஎல்டி லேசரோடு ஒரு மாடுலேட்டரையும் சேர்த்தே செய்கிறார்கள். உங்கள் அடுத்த ஓஎல்டி கார்டு வாங்கும்போது விவரத்தாளில் ஈஎம்எல் என்று போட்டிருக்கும், பாருங்கள்.

ஈடிஎஃப்ஏ பற்றிய சந்தேகம் நியாயமானது. அதன் பெருக்கம் அலைநீளத்தோடு சாய்ந்திருந்தால் சிர்ப் உள்ள ஒளியில் அதுவும் சிதைவை உண்டாக்கும். ஆனால் கன்னங்குறிச்சிக்கும் அதே ஈடிஎஃப்ஏ வழியாகத்தான் போகிறதா? தம்பி சொல்லட்டும்.

இன்னொரு சோதனையும் செய்யலாம். கண்ட்ரோல் ரூமிலேயே, ஈடிஎஃப்ஏவுக்குப் பின், ஃபைபருக்குப் பதிலாக அட்டென்யுவேட்டர் (ஒளியைக் குறைக்கும் கருவி) போட்டு அதே மைனஸ் 1 டிபிஎம் வருமாறு வையுங்கள். அந்த நோடையே அங்கே மாட்டி எம்இஆர் எடுங்கள். சுத்தமாக வந்தால் நோடும் இல்லை, ஈடிஎஃப்ஏவும் இல்லை.

மலைக்கேபிள்
ஆமா சார், ரெண்டும் ஒரே ஈடிஎஃப்ஏதான், வேற வேற அவுட்புட். சோதனை செஞ்சேன். அட்டென்யுவேட்டர்ல மைனஸ் 1 வச்சா மேல் சேனல் உட்பட 36. அதே நோடு, அதே லெவல், நடுவுல 34 கிலோமீட்டர் ஃபைபர் வந்தா 25.

கருப்பூர்_இசிஇ
வணக்கம் ஐயா. நான் இங்கே கருப்பூரில் இசிஇ மூன்றாம் ஆண்டு. பாடத்தில் எக்ஸ்டர்னல் மாடுலேஷனுக்கு மாக்-செண்டர் மாடுலேட்டர் படம் வரைகிறோம், சமன்பாடும் எழுதுகிறோம், மதிப்பெண்ணும் வருகிறது. ஆனால் ஒரு படிகத்துக்கு மின்னழுத்தம் கொடுத்தால் ஒளி எப்படி அணைகிறது என்பது மனதில் நிற்கவில்லை. அணைந்த ஒளி எங்கே போகிறது? ஆற்றல் அழியாது என்கிறோமே?

பழைய_டிரான்ஸ்மிஷன்
நல்ல கேள்வி அம்மா. பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் தாண்டிப்போகிற இடமும் அதுதான்.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று கோரிமேடு வழி, இன்னொன்று குப்பனூர் வழி. ஒரே ஒளியை இரண்டாகப் பிரித்து இரண்டு வழியிலும் அனுப்பி, மேலே மீண்டும் ஒன்று சேர்ப்பதாக நினைத்துக்கொள். இரண்டும் சமநீளம் என்றால் முகடும் முகடும் சேரும், முழு ஒளி கிடைக்கும். ஒரு வழியில் மட்டும் அரை அலைநீளம் தாமதமானால் முகடும் அகடும் சேரும், இருள். இந்த அமைப்பை 1890களின் தொடக்கத்திலேயே செண்டரும் மாக்கும் கண்ணாடிகளை வைத்துச் செய்துவிட்டார்கள். இன்று அதே அமைப்பு லித்தியம் நயோபேட் படிகத்தின் மேல், டைட்டானியத்தை ஊடுருவவிட்டுச் செய்த ஒளிப்பாதையாக, ஒரு விரல் நீளத்தில் இருக்கிறது.

தாமதத்தை உண்டாக்குவது பாக்கெல்ஸ் விளைவு. மின்புலம் கொடுத்தால் படிகத்தின் ஒளிவிலகல் எண் அதற்கு நேர்விகிதத்தில் மாறும். எவ்வளவு மாற வேண்டும் தெரியுமா? ஒளி 4 சென்டிமீட்டர் தூரம் மின்முனைகளுக்கு இடையே போகிறது என்று வை. 1550 நானோமீட்டரில் பாதி 775 நானோமீட்டர். அந்தத் தாமதத்தை 4 சென்டிமீட்டரில் பெற, ஒளிவிலகல் எண் 2.14 இருந்தால் 2.14002 ஆனால் போதும். ஐந்தாம் தசம இடத்தில் நடக்கிற மாற்றம்! அதற்குச் சில வோல்ட் போதுமானது. இந்த வோல்ட்டைத்தான் வி-பை என்று எழுதுகிறீர்கள். எனக்கு இந்தக் கணக்கைப் போடும்போதெல்லாம் வியப்பு குறைவதே இல்லை.

அணைந்த ஒளி அழிவதில்லை. சேருமிடத்தில் ஒய் வடிவச் சந்தி இருந்தால், எதிர்க்கட்டத்தில் வந்த ஒளி ஒற்றைமோடு பாதைக்குள் நுழைய முடியாமல் பக்கவாட்டில் படிகத்துக்குள் சிதறிவிடும். சந்திக்குப் பதிலாக இரண்டு வாய் உள்ள கப்ளர் வைத்தால் ஒரு வாயில் குறையும் ஒளி மறு வாயில் கூடும்.

மலைக்கேபிள்
சார், ஒரு நண்பரோட கண்ட்ரோல் ரூம்ல பழைய எக்ஸ்டர்னல் டிரான்ஸ்மிட்டர் பார்த்திருக்கேன், பின்னாடி ரெண்டு அவுட்புட் இருந்துச்சு. உள்ளே ஸ்பிளிட்டர் வச்சிருக்காங்கன்னு நெனச்சேன்.

பழைய_டிரான்ஸ்மிஷன்
அது மாடுலேட்டரின் இரண்டு வாய்கள்தான் தம்பி. இரண்டிலும் ஒரே சிக்னல், ஒன்றுக்கொன்று தலைகீழ். உங்கள் நோடுக்கு இரண்டும் ஒன்றே. வீணாகப் போயிருக்க வேண்டிய ஒளியையும் ஊருக்கு அனுப்பலாம்.

இங்கே முக்கியமானது, லேசர் மின்னோட்டத்தை யாரும் தொடுவதில்லை. அது ஒரே சீராக எரிந்துகொண்டிருக்கும். பிரகாச மாற்றம் வெளியே, படிகத்தில் நடக்கிறது. மாடுலேட்டரின் இரண்டு பாதைகளுக்கும் எதிரெதிர் மின்னழுத்தம் கொடுத்தால் ஒன்றில் கூடும் கட்டம் மற்றதில் அதே அளவு குறையும், ஆகவே சேர்ந்து வரும் ஒளியில் சிர்ப் அநேகமாக இருக்காது. சிர்ப் இல்லையென்றால் ஃபைபரின் அந்த 578 நிறப்பிரிகைக்கு இழுக்க ஒன்றும் கிடைக்காது.

ஐந்துரோடு_நெட்
சரி சார், ஆனா அதுல வேற தலைவலி இருக்கே. மாக்-செண்டரோட வளைவு நேர்கோடு இல்ல, சைன் வளைவு. கேபிள் சிக்னலுக்கு நேர்கோடு வேணும். அப்புறம் பயாஸ் (அந்த வளைவுல மாடுலேட்டரை நிறுத்தற புள்ளி) நகர்ந்துடும்னு கேள்விப்பட்டிருக்கேன். அவ்வளவு விலை கொடுத்து வாங்கி, மாசாமாசம் டியூன் பண்ண முடியுமா?

பழைய_டிரான்ஸ்மிஷன்
உண்மை, இரண்டும் உண்டு. சைன் வளைவின் நடுப்புள்ளியில் சரியாக நிறுத்தினால் இரண்டாம்படிச் சிதைவு தானே நீங்கிவிடும், மூன்றாம்படி மட்டும் நிற்கும். அதற்கு எதிரான சிதைவை மின்சுற்றில் முன்கூட்டியே கலந்துவிடுகிறார்கள். நடுப்புள்ளி வெப்பத்தாலும், படிகத்தில் மெல்லச் சேரும் மின்னூட்டத்தாலும் நகரும். ஆகவே பெட்டிக்குள்ளேயே ஒரு சின்னச் சோதனைத் தொனியை விட்டு, அதன் இரண்டாம்படி தலைதூக்குகிறதா என்று விடாமல் பார்த்து, பயாஸைத் தானே திருத்தும் சுற்று இருக்கிறது. கை வைக்கத் தேவையில்லை. பழைய பெட்டி வாங்கினால் முதலில் சோதிக்க வேண்டியதும் அந்தச் சுற்றைத்தான். ஆன் செய்து ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு, காலையிலும் உச்சி வெயிலிலும் எம்இஆர் எடுங்கள். சேலத்து மே மாதத்தில் ஏசி நின்றாலும் அந்த எண் அசையக் கூடாது.

பெங்களூரு_சேலத்தான்
சூரமங்கலம் சொந்த ஊர், வேலை பெங்களூரில் ஒளிக்கருவிச் சோதனை. ஐயா சொன்னதோடு கொஞ்சம் சேர்க்கிறேன். தங்கச்சி கேட்டதால் எழுதுகிறேன், கேபிளுக்கு இது தேவைப்படாது.

மேலே ஈஎம்எல் என்று வந்தது. அதில் இருப்பது மாக்-செண்டர் கிடையாது. இண்டியம் பாஸ்பைடில் லேசரோடு ஒரே சில்லில் ஒட்டிச் செய்த, சில நூறு மைக்ரான் நீளமே உள்ள ஓர் உறிஞ்சி. மின்னழுத்தம் கொடுத்தால் அதன் உறிஞ்சும் விளிம்பு நகர்ந்து ஒளியை விழுங்கும். 1984ல் பெல் ஆய்வகத்தில் குவாண்டம் கிணறுகளில் இந்த விளைவை விளக்கினார்கள். சிறியது, மலிவு, 10 கிகாபிட்டில் 80 கிலோமீட்டர் போகும் எஸ்எஃப்பிக்கு (செருகும் ஒளி மாட்யூல்) இதுவே போதும். சிர்ப் அறவே இல்லை என்று சொல்ல முடியாது, டைரக்ட்டை விட மிகக் குறைவு.

சிலிக்கானில் பாக்கெல்ஸ் விளைவே கிடையாது, அதன் படிக அமைப்பு அவ்வளவு சமச்சீர். 1987ல் சோரெஃபும் பென்னட்டும் மின்னூட்ட அடர்த்தியை மாற்றினால் சிலிக்கானின் ஒளிவிலகல் எண் எவ்வளவு மாறும் என்று கணக்கிட்டுக் கொடுத்தார்கள். 2004ல் இன்டெல் அதை வைத்து 1 கிகாஹெர்ட்ஸைத் தாண்டிய மாடுலேட்டர் செய்து காட்டியது. இன்று தரவு மையங்களுக்குள் ஓடும் எத்தனையோ டிரான்ஸீவர்களில் இருப்பது இந்த வழிதான்.

நீண்ட தூரத்துக்கு நான்கு மாக்-செண்டர்களை ஒன்றாகக் கட்டுகிறார்கள். ஒவ்வொன்றையும் நடுப்புள்ளியில் நிறுத்தாமல் முழு இருளில் நிறுத்துவார்கள். இருளுக்கு இந்தப் பக்கம் தள்ளினால் ஒளி ஒரு கட்டத்தில் வரும், அந்தப் பக்கம் தள்ளினால் நேர் எதிர்க் கட்டத்தில் வரும். இப்படி இரண்டை எடுத்து, ஒன்றின் ஒளியை 90 டிகிரி திருப்பிச் சேர்த்தால் வீச்சு, கட்டம் இரண்டையும் நினைத்தபடி வரையலாம். இன்னொரு ஜோடி, ஒளியின் மறு தளவிளைவுக்கு, அதாவது முதலதற்குச் செங்குத்தான தளத்தில் அதிரும் ஒளிக்கு. வீச்சும் கட்டமும் சேர்ந்து 16 நிலைகள் வரையும் 16-க்யூஏஎம் என்றால் ஒரு தளவிளைவுக்கு 4 பிட், இரண்டும் சேர்ந்து ஒரு குறியீட்டில் 8 பிட். வினாடிக்கு 6,000 கோடி குறியீடு அனுப்பினால், பிழைதிருத்தத்துக்குப் போக ஒரே அலைநீளத்தில் 400 கிகாபிட் நிற்கும். 2020ல் வந்த 400-இசட்ஆர் தரம் இதுதான், பெருக்கியோடு 120 கிலோமீட்டர் வரை. அங்கே நிறப்பிரிகையை ரிசீவரில் உள்ள கணினிச் சில்லு கணக்குப் போட்டே நீக்கிவிடும். ஒளியின் கட்டமும் கையில் கிடைப்பதால் அது முடிகிறது.

கருப்பூர்_இசிஇ
அப்படியென்றால் லித்தியம் நயோபேட் பழைய காலத்துப் பொருளா அண்ணா? ப்ராஜெக்ட்டுக்கு எதை எடுப்பது என்று யோசிக்கிறேன்.

பெங்களூரு_சேலத்தான்
பத்து வருடம் முன்பு கேட்டிருந்தால் ஆமாம் என்றிருப்பேன். படிகத்தை ஒரு மைக்ரானுக்கும் குறைந்த மெல்லிய படலமாக உரித்துக் கண்ணாடிப்படலத்தின் மேல் ஒட்டும் முறை வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. ஒளி சின்ன இடத்துக்குள் அடங்குகிறது, மின்முனைகளை நெருக்கி வைக்கலாம், வோல்ட் குறைகிறது. 2018ல் ஹார்வர்ட் குழு சாதாரண மின்சில்லு கொடுக்கும் வோல்ட்டிலேயே இயங்கும் மாடுலேட்டரைக் காட்டியது. ப்ராஜெக்ட்டுக்கு இதன் மின்முனையை எடும்மா. மின் அலையும் ஒளி அலையும் ஒரே வேகத்தில் சேர்ந்து ஓட வேண்டும், ஒன்று பிந்தினால் உயர் அதிர்வெண்ணில் மாடுலேட்டர் செத்துப்போகும். சிமுலேஷனில் அந்த வேகப் பொருத்தத்தை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே நல்ல வேலை.

மலைக்கேபிள்
எல்லாருக்கும் நன்றிங்க. இப்ப என் முடிவுக்கு வரேன். கையில இருக்கற டைரக்டைத் திருப்பி வாங்க மாட்டேங்கறாங்க. மலைக்கு எக்ஸ்டர்னல் ஒண்ணு நண்பர்கிட்ட இருந்து எடுத்துக்கலாம்னு இருக்கேன். வாங்கறதுக்கு முன்னாடி வேற என்ன பார்க்கணும் சார்?

பழைய_டிரான்ஸ்மிஷன்
டைரக்ட்டைத் தூக்கிப் போட வேண்டாம். முதலில் அதன் மெனுவில் ஃபைபர் தூரம் அமைக்கும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். சில டைரக்ட் 1550 பெட்டிகளில் தூரத்தைச் சொன்னால் அதற்கேற்ப முன்திருத்தம் செய்யும் சுற்று உண்டு. இல்லையென்றால் கன்னங்குறிச்சி, அம்மாபேட்டை போன்ற கிட்டத்து நோடுகளுக்கு அதையே ஓட்டுங்கள், அங்கே அது நன்றாகவே உழைக்கும்.

எக்ஸ்டர்னலில் பயாஸ் சுற்றைப் பார்க்கச் சொன்னேன். அடுத்தது எஸ்பிஎஸ், அதாவது ஃபைபருக்குள்ளேயே ஒளி பின்னோக்கிச் சிதறுவது. லேசர் ஆடாமல் இருப்பதால் அதன் ஒளி மிகக் குறுகிய நிறத்தில் குவிந்திருக்கும். அப்படிப்பட்ட ஒளியைச் சுமார் 7 டிபிஎம்முக்கு மேல் நீண்ட ஃபைபரில் திணித்தால் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிவிடும், இரைச்சலும் கூடும். அதைத் தடுக்கத்தான் அந்தப் பெட்டிக்குள் கட்டத்தை மட்டும் ஆட்டும் இன்னொரு மாடுலேட்டர் இருக்கிறது. அது வேலை செய்தால் 16, 17 டிபிஎம் வரை அனுப்பலாம். அந்த வரம்பு மெனுவில் எஸ்பிஎஸ் என்ற பெயரில் இருக்கும், உங்கள் ஈடிஎஃப்ஏ அவுட்புட்டை விட அது குறைவாக இருக்கக் கூடாது.

ஏற்காடு வரை 34 கிலோமீட்டருக்கு 7 டிபி சொச்சம் போகும். 16ல் அனுப்பினால் மேலே 8, 9 கிடைக்கும். அங்கே எட்டு வழி ஸ்பிளிட்டர் வைத்தால் ஒவ்வொரு நோடுக்கும் மைனஸ் 1, மைனஸ் 2. நாகலூர், மஞ்சக்குட்டைக்குப் போகும் தூரத்தையும் கழித்துப் பாருங்கள். மைனஸ் 3க்குக் கீழே இறங்கினால் எட்டு வழிக்குப் பதிலாக நான்கு வழி போடுங்கள்.

ஸ்பிளைஸர்_தம்பி
அண்ணா, மேல ஸ்பிளிட்டர் பாக்ஸ் மாட்டற அன்னைக்கு சொல்லுங்க, மெஷினோட வந்துடறேன். அவ்வளவு பவர் போகுதுன்னா கனெக்டர் எல்லாம் ஏபிசி பாலிஷா (முனையைச் சாய்வா தேய்ச்சது) இருக்கணும். பச்சைத் தலை உள்ளதா வாங்கி வைங்க, நீலத் தலை ஒண்ணுகூட நடுவுல வரக் கூடாது.